நான்கு வரி தள்ளி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘கட்டம் அக்கா’. கணினித் திரையில் மக்கள் நிரப்பும் படிவங்களை வடிவமைப்பது அவள் வேலை. பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம். யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, “எனக்கு இப்ப கட்டமே சரியில்லக்கா” என்றால், “அந்தக் கட்டத்துக்கு வேற ஆளப் பாரு. நான் போடறது ஃபார்ம்ல வர்ற கட்டம்” என்பாள். கண்ணாடிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் பதினொரு பேர் வேலை பார்த்த சின்ன நிறுவனம் அது. வயதில் மூத்தவள் அவள்தான். நாற்பத்தாறு.

பத்தொன்பது வயதில் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். நோயாளிகளின் அட்டைகளைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே ஊரை ஏழு விதமாக எழுதியிருப்பார்கள். ஒற்று இருக்கும், இருக்காது, குறில் நெடிலாகும், சிலர் பாதிப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஒருமுறை ஒரே மனிதர் மூன்று ஊர்க்காரராகப் பதிவாகி, அவருடைய பழைய எக்ஸ்ரே கிடைக்காமல், அவர் மனைவி ஆவண அறை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். மனிதர்களை எழுத விடக்கூடாது, பட்டியலைக் கையில் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு அவள் மனதில் ஊன்றியது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்துப் படிவம் செய்யக் கற்றுக்கொண்டதும் அந்த எண்ணத்தால்தான்.

நாற்பதாவது வயதில் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. சுகாதாரத் துறைக்கு நர்ஸ்களின் இடமாற்ற விண்ணப்பத்தைக் கணினியில் செய்து தர வேண்டும். துறையிடம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது சுகாதார நிலையங்கள் இருந்தன. பெயர்ப்பலகையில் ஒரு பெயர், முத்திரையில் இன்னொரு பெயர் என்று பாதி நிலையங்களுக்கு இரண்டு பெயர். நான்கு மாதம் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டுக் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கினாள். அழுத்தினால் கீழே விரிகிற ஒரே பெட்டி. அதற்குள் ஆயிரத்து அறுநூற்று நாற்பது வரிகள்.

கூட வேலை பார்த்த புரோகிராமர் ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்தாள். “இத்தனை வரிய ஒரே பெட்டியில அடைச்சா எப்படிக்கா தேடுவாங்க?”

“முதல் எழுத்தத் தட்டினா நேரா அங்க போயிடும். ஒரே பெட்டி, ஒரே தொடல். முன்னாடி அஞ்சு பக்கம் எழுதினாங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

அலுவலக மடிக்கணினிகளில் போட்டுப் பார்த்தாள். போனில் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. துறைக்குப் பிடித்துப் போனது. விடுப்பு, பயிற்சி என்று பின்னால் வந்த படிவங்களுக்கும் அதே பெட்டியைத்தான் வைத்தார்கள். ஆறு வருடம் ஓடியது. புகார் என்று ஒன்றுகூட அவள் மேஜைக்கு வந்ததில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லோரும் ‘சின்னவள்’ என்று கூப்பிடுவார்கள். சின்னவள் பதினேழு வருடமாக அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். குழந்தைகளுக்கு ஊசி போட்டால் ஊசி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் குழந்தை அழ ஆரம்பிக்கும், அப்படி ஒரு கை. சின்னவளின் கணவர் தையல்காரர். சொந்தமாகக் கடை வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். “மத்தவங்க சட்டைய நான் பிரிச்சுத் தைச்சேன். இப்ப என்னையே வாரத்துக்கு மூணு தடவ பிரிச்சுத் துவைச்சு அனுப்பறாங்க தங்கச்சி” என்று கட்டம் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார்.

சின்னவள் வேலை பார்த்த நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் அவரை டயாலிசிஸுக்குக் கொண்டு விட்டுவிட்டு வேலைக்கு ஓடி, மதியம் அனுமதி கேட்டு மறுபடி வந்து அழைத்துப் போவாள். டயாலிசிஸ் நடக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு சுகாதார நிலையம் இருந்தது. அந்த வருடம் அங்கே ஓர் இடம் காலியானது. சின்னவள் விண்ணப்பம் போட்டாள். கேட்டவர்களில் அவள்தான் சீனியர். கிடைத்த மாதிரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

உத்தரவு ஒரு திங்கட்கிழமை வந்தது. இடம் கிடைத்திருந்தது, ஆனால் பக்கத்துத் தெருவில் இல்லை. மலைமேல், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய ஒரு நிலையத்தில். பத்து நாளுக்குள் சேர வேண்டும்.

சின்னவள் அலறியடித்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனாள். எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுத்த நிலையம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறுபடி விண்ணப்பிக்கலாம்.’

அன்று மாலை எல்லோரும் தையல்காரர் வீட்டில் கூடினார்கள். முன்னறையில் மூடிபோட்ட தையல் இயந்திரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான்கு நாற்காலி. தையல்காரரின் அக்காவும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வந்து நின்றது. எப்படி மாறியது?

“நான் சரியாத்தான் தொட்டேன் அண்ணா” என்றாள் சின்னவள். “பேரப் படிச்சுப் பார்த்துத்தான் தொட்டேன்.”

எல்லோரும் கட்டம் அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் படிவத்தைச் செய்தவள் அவள்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

“நீ எதத் தொட்டியோ அதுதாம்மா போகும்” என்றாள் அவள். “ஃபார்ம் தானா எதையும் மாத்தாது. அவசரத்துல பக்கத்து வரியத் தொட்டிருப்ப.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிட்டது. தையல்காரரின் அக்கா, “படிச்ச பொண்ணு, ஒரு வரியப் பார்த்து அமுக்கத் தெரியலையா?” என்று வாய்க்குள் சொல்வது போல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தையல்காரர் சூழலை இலகுவாக்க நினைத்து, “என்கிட்டருந்து தப்பிக்க நல்ல வழிதான் கண்டுபிடிச்சிருக்கா” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பதினேழு வருஷத்துல என் கையில ஒரு ஊசி மாறினதில்ல அண்ணி” என்றாள்.

வேலையை விட்டுவிடலாம் என்றால் டயாலிசிஸ் அவளுடைய அரசு ஊழியர் சலுகையில்தான் நடந்துகொண்டிருந்தது. பத்தாவது நாள் சின்னவள் மலைக்குப் போனாள். தையல்காரரைக் கொண்டு விட்டுக் கூட்டி வரும் பொறுப்பை லிஃப்ட் மெக்கானிக் ஏற்றுக்கொண்டான். “மச்சான், லிஃப்ட்ட விட நான் கனமில்ல, பயப்படாதீங்க” என்பார் தையல்காரர், தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை, ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். மெக்கானிக் போயே ஆக வேண்டும். கட்டம் அக்காவுக்குப் போன் செய்தான். அவள் ஒரு கூட்டத்தில் போனை அமைதியாக்கி வைத்திருந்தாள். தையல்காரர், “ஒரு நாள்தானே மச்சான், ஒண்ணும் ஆகாது. வெள்ளிக்கிழமை சேர்த்துத் துவைச்சுக்கலாம்” என்றார்.

வியாழன் மதியம் அவரால் மூச்சுவிட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வைத்தார்கள். சின்னவள் மலையிலிருந்து வந்து சேர வெள்ளி காலை ஆனது. மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தவள் அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. கட்டம் அக்கா தேநீர் வாங்கி வந்தபோது மட்டும், “அண்ணி, அங்க நான் ஊசி அறையில இல்ல. வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்” என்றாள்.

“ஏம்மா?”

“மாத்திரை அட்டைய மூணு தடவ படிக்கறேன். அப்பவும் நம்பிக்க வரல. பேரப் படிச்சுப் பார்த்துத்தானே அன்னிக்கும் தொட்டேன்? கண்ணு ஒண்ணு பார்க்குது, கை ஒண்ணு பண்ணுதுன்னா, என்னை நம்பி யார் கையை நீட்டுவாங்க?”

சின்னவளுடைய விடுப்பு விண்ணப்பத்துக்குப் பழைய நிலையத்திலிருந்து ஒரு சான்று வேண்டியிருந்தது. நான் போய் வாங்கி வருகிறேன் என்று கட்டம் அக்கா எழுந்தாள். அங்கிருந்து கிளம்பினால் போதும் என்றுகூட இருந்தது.

அந்த நிலையம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த நீளமான கட்டடம். நுழைவாயிலுக்கு வலப்பக்கம் மருந்து அலமாரி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிய இடத்தில் ஒரு பழைய கணினி. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தன. மவுஸ் வழுக்காமலிருக்க அடியில் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை வைத்திருந்தார்கள். படிவங்களைச் செய்த ஆறு வருடத்தில், அவற்றை நிரப்பும் இடம் ஒன்றுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

குண்டான ஒரு நர்ஸ் அங்கே உட்கார்ந்து ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தார். “உட்காருங்க, இதோ முடிச்சுட்டு சான்று எழுதித் தரேன். பயிற்சிக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்” என்றார்.

கட்டம் அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் அவள் செய்த பெட்டி. நர்ஸ் அதை அழுத்தினார். பட்டியல் விரிந்தது. முதல் எழுத்தைத் தட்டி, கொஞ்சம் இறங்கி, தன் நிலையத்தின் பெயரைத் தொட்டார். பட்டியல் மூடிக்கொண்டது. சரியான பெயர். கீழே உள்ள உறுதிமொழிக்குப் போக, மவுஸின் நடுவிலிருக்கும் சக்கரத்தை விரலால் உருட்டினார். பக்கம் நகரவில்லை. இன்னும் இரண்டு தடவை உருட்டினார். “சனியன், எப்பவும் மக்கர் பண்ணும்” என்று திரையின் வெற்றிடத்தில் மவுஸால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி உருட்டினார். இப்போது பக்கம் இறங்கியது. பெட்டி மேலே போய் மறைந்தது.

“ஒரு நிமிஷம்” என்றாள் கட்டம் அக்கா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. “திரும்ப மேல போங்க.”

நர்ஸ் மேலே போனார். பெட்டியில் வேறொரு நிலையத்தின் பெயர் இருந்தது.

“அட! நான் இதத் தொடலையே” என்றார் நர்ஸ்.

“இல்ல” என்றாள் அவள். “நீங்க தொடல.”

அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து செய்து பார்த்தாள். பெயரைத் தொட்ட பிறகும் கணினியின் கவனம் பெட்டியிலேயே இருந்தது. சக்கரத்தை உருட்டினால் பக்கத்துக்குப் பதில் பெட்டிக்குள்ளிருந்த பெயர் நகர்ந்தது, ஓர் உருட்டலுக்கு ஒரு வரி. புதிய கணினிகளில் அப்படி ஆகாது. அலுவலக மடிக்கணினிகளில் சக்கரமே கிடையாது. நிலையங்களில் இருந்ததெல்லாம் இந்த மாதிரிப் பழையவை. விண்ணப்பம் போனதும் வரும் குறுஞ்செய்தியிலும் நிலையத்தின் பெயர் இருக்காது. இடம் போதவில்லை என்று நான்கு இலக்க எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது.

சின்னவள் கேட்ட நிலையத்தைப் பட்டியலில் தேடினாள். அதிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வரியில் மலை இருந்தது. அகரவரிசையில் நான்கு வீடு தள்ளி. நிலத்தில் ஒன்பது மணி நேரம்.

சான்றை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பினாள். சின்னவளிடம் கொடுத்தாள். எதுவும் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பதிவுகளைத் தோண்டினாள். மின்சாரம் போனால் நிரப்பியது வீணாகக் கூடாது என்று, கட்டத்தில் எது மாறினாலும் அந்த நொடியே வரைவாகச் சேமிக்கும்படி அவள்தான் செய்திருந்தாள். அந்த வரைவுகள் எல்லாம் அழியாமல் இருந்தன. சின்னவளுடையதை எடுத்தாள். பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் பக்கத்துத் தெரு நிலையம். பன்னிரண்டு நொடி எந்த மாற்றமும் இல்லை, படித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரே நொடிக்குள் நான்கு பெயர்கள் மாறியிருந்தன. எந்த மனிதக் கையாலும் ஒரு நொடியில் நான்கு நிலையங்களைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆறு வருடத்து விண்ணப்பங்களையும் அதே மாதிரி சல்லடை போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய பெயர்கள் அப்படி நழுவியிருந்தன. பலருக்கு அந்த இடம் கிடைக்காமலே போனதால் விஷயம் வெளியே வரவில்லை. முப்பத்தேழு பேருக்குக் கிடைத்திருந்தது.

திங்கட்கிழமை தையல்காரருக்குக் குழாயை எடுத்தார்கள். பேச முடிந்ததும் முதலில், “பழைய தையல்தான், கொஞ்சம் விட்டுப்போச்சு” என்றார். சின்னவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ தப்பாத் தொடலம்மா. சரியாத்தான் தொட்ட. நான் பண்ண ஃபார்ம்தான் மாத்திடுச்சு.” சக்கரம், பெட்டி, பன்னிரண்டு நொடி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலில் அலுவலகத்தில் பேசுகிற சாயல் வருவதைக் கேட்டு வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள். “எப்பத் தெரியும் அண்ணி?”

“வெள்ளிக்கிழமை.”

“இன்னிக்குத் திங்கக்கிழமை.”

“ஆமா.”

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ஃபார்ம் தானா மாத்தாதுன்னு. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னை நம்பல. நானே என்னை நம்பல.” சின்னவள் குரல் உயரவே இல்லை. “இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. எனக்கு மட்டும் காதுல சொல்லாதீங்க.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அதே முன்னறையில், அதே நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் முன்னால் நின்று சொன்னாள். ஒரு பழைய மவுஸைக் கையோடு கொண்டுபோய் மடிக்கணினியில் மாட்டிக் காட்டலாமா என்று முதலில் யோசித்து, அது சாக்குச் சொல்வது போலாகும் என்று விட்டுவிட்டாள். “தப்பு என்னோடது. தெரியாமலே அவமேல பழியப் போட்டேன்” என்றாள். தையல்காரரின் அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். அந்த லிஃப்ட்டுக்குப் போனதற்கு அவன் தன்னை மன்னித்திருக்கவில்லை. சின்னவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் இன்னும் கடினமாக இருந்தது. முதலாளி கெட்டவரில்லை. ஆவண அறையிலிருந்து வந்த அவளுக்குப் பட்டமில்லை என்று பார்க்காமல் வேலை கொடுத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“சரி பண்ணிடுங்க. இந்த வாரமே. ஆனா எழுத்துல ஒண்ணும் வேணாம்.”

“அந்த முப்பத்தேழு பேர் சார்?”

“நாமளே தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அடுத்த வருஷம் இந்த வேலை நம்மகிட்ட இருக்காது. இங்க பதினொரு குடும்பம் இருக்கு. உங்களதும் சேர்த்து. சத்தமில்லாம சரி பண்ணா இனிமே யாருக்கும் ஆகாது இல்ல?”

“இனிமே ஆகாது சார். ஆனவங்க அங்கயேதானே இருக்காங்க? அவங்க வீட்டுல எல்லாம், நீதான் தப்பாத் தொட்டன்னு சொல்லியிருப்பாங்க.”

“யோசிச்சுக்கோங்க” என்றார் அவர்.

இரண்டு நாள் யோசித்தாள். கூட வேலை பார்ப்பவர்களின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோசனை மாறியது. அன்றைக்கே எச்சரித்த புரோகிராமர் கர்ப்பமாக இருந்தாள். மூன்றாம் நாள் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, முப்பத்தேழு பேருடைய பதிவுகளையும் இணைத்து, முதலில் முதலாளியின் மேஜையில் ஒரு பிரதியை வைத்துவிட்டு, துறைக்கு அனுப்பினாள். முதலாளி அதைப் படித்தார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

துறையில் இடமாற்றங்களைப் பார்க்கும் இணை இயக்குநர் ஒரு பெண்மணி. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பெயரில் அவர் விரல் நின்றது.

“இந்தம்மா போன வருஷம் இதே இடத்துல நின்னு அழுதாங்க. ‘பொய் சொல்லிக் காரியம் சாதிக்கலாம்னு பார்க்காதீங்க’ன்னு அனுப்பிட்டேன்” என்றார். பிறகு காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கினார். “நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரியும் மேடம்.”

கோப்பு மெதுவாகத்தான் நகர்ந்தது. முப்பத்தேழு பேருக்கும் கேட்ட இடத்துக்கோ அதற்கு அருகிலோ திரும்ப வாய்ப்புக் கொடுக்க முடிவானது. இருபத்திரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். சிலர் போன இடத்திலேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து நிலைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் எப்போதோ வேலையை விட்டிருந்தார்கள். சின்னவளுக்கு உத்தரவு பன்னிரண்டாவது வாரம் வந்தது. அந்தப் பன்னிரண்டு வாரத்தில் கட்டம் அக்காதான் ஊதியமில்லா விடுப்பு எடுத்துத் தையல்காரரைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தாள்.

புதிய படிவத்தை அவளே செய்து கொடுக்க வேண்டும் என்று துறை கேட்டது. இந்தத் தடவை பெட்டியைத் தூக்கிப் போட்டாள். பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினால் பொருந்துகிற நிலையங்கள் மட்டும் வரும். ஒவ்வொன்றின் கீழும் எந்த மாவட்டம், இப்போதிருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று இருக்கும். தொட்டதும் பட்டியல் போய்விடும். ‘நீங்கள் கேட்கும் நிலையம் இது’ என்று ஒரு சாதாரண வாக்கியமாக அது நிற்கும். சக்கரத்தால் அதைத் தொட முடியாது. அனுப்புவதற்கு முன் அதே வாக்கியம் பெரிய எழுத்தில் மறுபடி வரும். குறுஞ்செய்தியிலும் பெயர்.

செய்து முடித்ததை நிலையம் நிலையமாகத் தூக்கிக்கொண்டு போய், பழைய கணினிகளில் நர்ஸ்களையே நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியாகச் சின்னவளிடம் போனாள். சின்னவள் இரண்டு எழுத்தைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

“இப்படியா எழுதியிருக்கீங்க? எல்லாரும் சொல்ற பேர் வேற அண்ணி” என்றாள். கட்டம் அக்கா நோட்டில் குறித்துக்கொண்டாள். மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ, எப்படித் தப்பாக எழுதுகிறார்களோ, அத்தனையும் ஒரே நிலையத்துக்குப் போய்ச் சேரும்படி செய்ய இன்னும் ஐந்து வாரம் பிடித்தது. அவள் கையால் திருத்தி ஒழித்த எழுத்துகளையெல்லாம் தேடித் தேடித் திரும்பச் சேர்த்தாள்.

அடுத்த வருடம் வேலை வேறு நிறுவனத்துக்குப் போனது. முதலாளி சொன்னபடியேதான் நடந்தது. மூன்று பேரைக் குறைத்தார். அவளும் அதில் ஒருத்தி. புரோகிராமர் தப்பித்தாள் என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். இப்போது வீட்டிலிருந்தே சின்னச் சின்னப் படிவங்கள் செய்து தருகிறாள்.

தையல்காரர் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். சின்னவள் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்தே வந்து அவரைக் கூட்டிப் போனாள். ஊசி அறைக்குத் திரும்ப மட்டும் எட்டு மாதம் ஆனது. அண்ணி மேல் அவளுக்கு மரியாதை இருக்கிறது, விசாரிப்பு இருக்கிறது. முன்பு போல் சமையலறையில் நின்று சத்தமாகச் சிரிப்பது மட்டும் இல்லை.

அந்த முப்பத்தேழு பேருக்கும் துறையிலிருந்து கடிதம் போனது. அது போதாது என்று, துறையின் அனுமதியோடு, அவளே ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். சிலர் அழுதார்கள். வேலையை விட்ட ஒருவர், “இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது?” என்று வைத்துவிட்டார். ஒருவருடைய எண் மட்டும் மாறியிருந்தது. விசாரித்து விசாரித்து, அவளுடைய வேலை போன பிறகு ஒரு மதியம்தான் அது கிடைத்தது. நான்கு வருடமாகக் கடலோரத்தில் ஒரு நிலையத்தில் இருக்கும் நர்ஸ். முழுவதையும் அமைதியாகக் கேட்டார்.

“சரி” என்றார் கடைசியில். “லெட்டர் வந்துச்சு. என் பொண்ணுகிட்ட காட்டினேன். அவ படிக்கல. நான் வேணும்னேதான் அவள விட்டுட்டு வந்தேன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கா. லீவுக்கு இங்கதான் வந்திருக்கா. நீங்களே சொல்றீங்களா?”

“சொல்றேங்க. கூப்பிடுங்க.”

அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் மகளைக் கூப்பிட்டார்; பதில் இல்லை; மறுபடி கூப்பிட்டார். கட்டம் அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.